கார்போகரிசிக்குப் பக்கவிளைவே இல்லையாம்!



வாட்ஸ்அப்பில் வரும் வைத்தியக் குறிப்புகளைப் படிக்காமலே அழித்துவிடுவது என் வழக்கம். ஆனால் சென்ற மாதம் எங்கள் ஓய்வூதியர் குழுவில் ஒரே வாரத்தில் நான்கு பேர் ஒரே செய்தியை அனுப்பிவிட்டார்கள். கார்போகரிசியை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சித் தடவிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றால் வெண்புள்ளிகள் நாற்பது நாளில் மறைந்துவிடுமாம். கூடவே அந்தப் பொடியை அரை ஸ்பூன் வெந்நீரில் கலந்து குடிக்க வேண்டுமாம். இயற்கை மூலிகையாதலால் பக்கவிளைவு கிடையவே கிடையாதாம். உடனே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். அனுப்பியவர்களில் ஒருவர் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். இன்னொருவர், ஒரு கையெழுத்து குறைந்தாலும் பில்லைத் திருப்பி அனுப்பியே பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவர்கூட இந்தச் செய்திக்கு ஒரு கேள்வியும் கேட்காமல் பாஸ் போட்டுவிட்டார்.

கார்போகரிசி வேலை செய்யாது என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாகவே வேலை செய்யும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த எவனும் ‘பக்கவிளைவு இல்லை’ என்று எழுதமாட்டான் என்பதுதான் என் வாதம். அதில் இருக்கும் சரக்கு, நம் உடம்பின் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெயில் பட்டதும் அந்தச் செல்லைக் கொல்லுகிற சரக்கு. அதில் மருந்து எதுவோ அதுவேதான் விஷமும். இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது வேண்டாம் என்று பிரித்து வாங்க வழியில்லை.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குக் கார்போகரிசி புதிதல்ல. என் அப்பாயி குளியல் பொடிக்குச் சாமான் வாங்கிவரச் சொல்லும்போது பாசிப்பயறு, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ஆவாரம்பூ இவற்றோடு கார்போகரிசியும் ஒரு பிடி சேர்ப்பாள். கருப்பாக, சின்னதாக, ஒரு மாதிரி வாசனையோடு இருக்கும். பெயரில்தான் அரிசி இருக்கிறது. நெல்லுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரை, துவரை குடும்பத்துச் செடியின் விதை அது. நம்மூரில் ‘அரிசி’ என்று முடிகிற எதையும் சாப்பாட்டுச் சாமான் என்று நினைத்துவிடுகிறோமோ என்னவோ. எட்டி என்றால் பயப்படுவோம். சேராங்கொட்டை என்றால் கையில் தொடமாட்டோம். கார்போகரிசிக்கு மட்டும் யாரும் பயப்படுவதில்லை. குளியல் பொடியில் சேர்க்கும் கொஞ்சத்தைத் தேய்த்த கையோடு கழுவிவிடுகிறோம், அது வேறு கதை. நான் பேசுவது, எண்ணெயில் இறக்கிக் கெட்டியாகத் தடவி ஊறவைத்துக்கொண்டு வெயிலில் போய் நிற்பதைப் பற்றி.

இந்த விதைக்குள் என்ன இருக்கிறது என்பது இன்று நேற்றுக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1933-லேயே ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கடராவ் என்ற இந்திய வேதியியலாளர்கள் மூவர் இதைப் பிரித்து ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். செடியின் லத்தீன் பெயரை வைத்து அந்தப் பொருளுக்குச் சொரலென் என்று பெயர். கிட்டத்தட்ட அதே காலத்தில் நைல் நதிப் பக்கம் இன்னொரு கதை நடந்தது. (அதுவும் ஒரு டெல்டாதான்!) அங்கே அம்மி என்ற ஒரு செடியின் விதையைத் தின்றுவிட்டு வெயிலில் உட்காருவது வெண்புள்ளிக்குப் பழைய நாட்டு வைத்தியம். 1940-களில் கெய்ரோவில் எல் மொஃப்டி என்ற தோல் மருத்துவர் அந்தச் செடியிலிருந்து எடுத்த சொரலென் வகை மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்து, ஒழுங்காகக் கணக்கெழுதி வெளியிட்டார். 1974-ல் அமெரிக்க மருத்துவர்கள் அதே மருந்தை மாத்திரையாகக் கொடுத்துவிட்டு, வெயிலுக்குப் பதில் விளக்குப் பெட்டிக்குள் நிற்கவைத்துச் சொரியாசிஸ் நோய்க்குச் சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பெயர் ‘பூவா’. விளக்குப் பெட்டிக்கு வசதி இல்லாத நம் நாட்டில் சூரியனையே விளக்காக வைத்துச் செய்வது ‘பூவாசோல்’. சோல் என்றால் லத்தீனில் சூரியன். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குச் ‘சொலேய்’ என்ற சொல் உடனே ஞாபகத்துக்கு வந்தது. ஆக, நாட்டு மருந்து வேறு, இங்கிலீஷ் மருந்து வேறு என்று சண்டை போடுகிறவர்கள் முதலில் இதைக் கவனிக்கட்டும். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே சரக்கு.

அது செல்லுக்குள் என்ன செய்கிறது? எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். செல்லுக்கு நடுவே இருக்கும் டி.என்.ஏ. முறுக்கிவிட்ட நூலேணி மாதிரி. சொரலென் தட்டையான, மெல்லிசான மூலக்கூறு. அந்த ஏணியின் இரண்டு படிகளுக்கு நடுவே நழுவிப் போய் உட்கார்ந்துகொள்ளும். இருட்டில் இருக்கிறவரை பெரிய தொந்தரவு இல்லை, வந்த வழியே வெளியே போய்விடும். வெயிலில் இருக்கும் புற ஊதா ‘ஏ’ கதிர் (320 முதல் 400 நானோமீட்டர் அலைநீளம்) அதன்மேல் பட்டால் பக்கத்துப் படியோடு ஒட்டிக்கொள்ளும். மேலும் கொஞ்சம் கதிர் பட்டால் எதிர்ப்பக்கத்துப் படியோடும் ஒட்டிக்கொள்ளும். இரட்டைக் கதவின் இரண்டு பலகைக்கும் சேர்த்து நாதாங்கி போட்டதுபோல ஆகிவிடும். செல் இரண்டாகப் பெருக வேண்டுமானால் அந்த ஏணியை நெடுக்கப் பிரித்தாக வேண்டும். நாதாங்கி விழுந்த கதவை எப்படித் திறப்பது? செல் செத்துப்போகும். அல்லது தப்பும் தவறுமாகப் பழுதுபார்த்துக்கொண்டு பிழைத்துக்கொள்ளும். அந்தத் தவறான பழுதுபார்ப்புதான் பல வருடம் கழித்துத் தோல் புற்றுநோயாக வந்து நிற்கிறது. இது என் கற்பனை இல்லை. பூவா சிகிச்சையை நூற்றுக்கணக்கான தடவை எடுத்துக்கொண்டவர்களை அமெரிக்காவில் வருடக்கணக்காகத் தொடர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு, இந்த மருந்தும் புற ஊதா ‘ஏ’ கதிரும் சேர்ந்தால் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று முதல் வகுப்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

அப்படியானால் இதை ஏன் மருந்தாகக் கொடுக்கிறார்கள்? சொரியாசிஸில் தோல் செல்கள் வரைமுறை இல்லாமல் பெருகுகின்றன, அவற்றைக் கொன்று அடக்கத்தான் வேண்டும். வெண்புள்ளியில் நம் உடம்பின் காவல்கார வெள்ளணுக்களே தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களைத் தாக்குகின்றன. மருந்தும் வெயிலும் சேர்ந்து அந்தக் காவல்காரர்களை அடக்கி, ரோமத்தின் வேர்க்காலில் மிச்சம் இருக்கும் நிறச் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. அதனால்தான் நிறம் திரும்பும்போது ஒவ்வொரு ரோமத்தைச் சுற்றியும் முதலில் புள்ளி புள்ளியாக வருகிறது. ரோமமே இல்லாத விரல் நுனி, உள்ளங்கை, உதடு இங்கெல்லாம் நிறம் வருவது மிகக் கடினம். வருகிற இடத்திலும் மாதக்கணக்காகும். நாற்பது நாள் என்று எழுதியவர் எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாரோ?

வெளிச்சம் பட்டால் கொல்லுகிற பொருள்கள் இது ஒன்றல்ல. 1900-ஆம் ஆண்டு ம்யூனிக் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் என்ற சாயத்தைக் கலந்த தண்ணீரில் பரமேசியம் என்னும் நுண்ணுயிர்கள் எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயம் அதே அளவுதான். ஆனால் ஒருநாள் சீக்கிரம் செத்தன, இன்னொருநாள் வெகுநேரம் உயிரோடு இருந்தன. அன்றன்றைக்கு இருந்த வெளிச்சந்தான் வித்தியாசம் என்று கடைசியில் தெரிந்தது. 1912-ல் மேயர்-பெட்ஸ் என்ற ஜெர்மன் மருத்துவர், இரத்தத்தின் சிவப்பிலிருந்து எடுத்த ஒரு பொருளைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு வெயிலில் போனார். முகமும் கையும் வீங்கி ஆளே அடையாளம் தெரியாமல் போனது. இரண்டு மாதத்துக்கு மேல் அவரால் வெயிலில் தலைகாட்ட முடியவில்லை. இன்றைக்குச் சில வகைப் புற்றுநோய்க் கட்டிகளில் இந்த மாதிரிப் பொருளைச் சேரவிட்டு, அந்த இடத்தில் மட்டும் வெளிச்சத்தைப் பாய்ச்சிக் கட்டியைக் கொல்கிறார்கள். வைத்தியந்தான். ஆனால் எங்கே வெளிச்சம் பட வேண்டும், எவ்வளவு நேரம் பட வேண்டும் என்பது வைத்தியர் கையில் இருக்கிறது. உச்சி வெயிலில் மொட்டைமாடியில் நிற்கிற ஆளுக்கு அது யார் கையில் இருக்கிறது?

எங்கள் ஊரில் ‘சொல்தா’ பென்ஷன் வாங்கிய பெரியவர்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள், ‘ஓ த கொலோஞ்’ பாட்டில் வைத்திருப்பார்கள். நல்ல நாளில் கழுத்தில் இரண்டு சொட்டு. அந்த வாசனைத் தண்ணீரில் பெர்கமோட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் தோல் எண்ணெய் சேரும், அதிலும் சொரலென் உறவுக்காரன் ஒருவன் உண்டு. தடவிக்கொண்டு வெயிலில் போன துரைசானிகளின் கழுத்தில் சொட்டு வழிந்த தடத்திலேயே கருந்தழும்பு விழுந்தது. ஃபிராய்ண்ட் என்ற மருத்துவர் 1916-லேயே இதைக் கண்டு எழுதினார். சங்கிலியில் தொங்கும் பதக்கம்போல இருந்ததால், பதக்கத்துக்கான பிரெஞ்சுச் சொல்லான ‘ப்ரெலோக்’கை வைத்தே அந்தத் தழும்புக்குப் பெயரும் வந்தது. பிற்காலத்தில் பிரான்சில், தோல் சீக்கிரம் பழுப்பாக வேண்டும் என்பதற்காக இதே எண்ணெயைச் சேர்த்த வெயில் பூச்சை விற்றார்கள். பெரிய சர்ச்சை நடந்து, 1995-ல் ஐரோப்பிய சமூகம் வெயில் பூச்சுகளில் இந்தச் சரக்கு கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று கட்டிவைத்தது. வெள்ளைத் தோலைக் கருப்பாக்க அவர்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஆனாலும் சட்டம் போட்டார்கள் அல்லவா?

இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன்.

திருவையாற்றுப் பக்கம் ஒரு கிராமம். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். எங்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரின் அண்ணன் மகள், இருபத்திரண்டு வயது. இரண்டு கணுக்காலிலும் வலது முன்னங்கையிலும் வெண்புள்ளி. ஆனியில் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்குள் சரியாக்க வேண்டும் என்று, யாரோ சொன்ன ஒரு வைத்தியரிடம் பாட்டில் எண்ணெய் வாங்கிவந்தார்கள். தடவிக்கொண்டு தினமும் உச்சி வெயிலில் அரை மணி நேரம் நில் என்று அவர் சொல்லியிருக்கிறார். சித்திரை மாதம், நம் தஞ்சாவூர் வெயில். முதல் நாள் நின்றாள், ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாளும் நின்றாள். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் இரண்டு காலும் வீங்கி, நாவற்பழம் நாவற்பழமாகக் கொப்புளம். தரையில் கால் ஊன்ற முடியவில்லை. வைத்தியருக்குப் போன் போட்டால், “கெட்ட நீர் வெளியே வருதும்மா, நல்லதுதான், நிறுத்தாதீங்க” என்றாராம். நல்லவேளையாக அவள் அப்பா அந்தப் பேச்சைக் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டார். நான் போய்ப் பார்த்தபோது அந்தப் பெண் சொன்னாள்: “அன்னிக்கு ஒண்ணுமே எரியலங்கய்யா. எரிஞ்சிருந்தா எறங்கி வந்திருக்க மாட்டனா?”

இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்கிறேன். சாதாரண வெயில் சுட்டால் அன்று சாயங்காலமே தெரிந்துவிடும். சொரலென் சூடு அப்படி இல்லை. நிற்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு நாள், ஒன்றரை நாள் கழித்துச் சிவக்கும். இரண்டாம் மூன்றாம் நாளில்தான் முழு வேகம். அதற்குள் மறுபடி தடவிக்கொண்டு நின்றால், முதல் நாள் புண் தெரிவதற்கு முன்பே இரண்டாம் நாள் புண்ணையும் வாங்கிக்கொண்டாயிற்று. இதனால்தான் தோல் மருத்துவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று வைத்திருக்கிறார்கள், அடுத்தடுத்த நாளில் கொடுப்பதே இல்லை. மாத்திரை என்றால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, ஐந்து நிமிட வெயிலில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுவார்கள். மேலே தடவுகிற மருந்து இன்னும் முரடு. அதை நீர்க்கச் செய்து, அரை நிமிடம், ஒரு நிமிடம் என்றுதான் தொடங்குவார்கள். பிறகு கழுவிவிட்டு மூடிக்கொள்ளச் சொல்வார்கள். அந்தப் பெண்ணை நிற்கச் சொன்னது அரை மணி நேரம். தினமும். காய்ச்சிய எண்ணெயில் சரக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது.

புண் ஆற ஒன்றரை மாதம் ஆயிற்று. ஆறிய பிறகு வெண்புள்ளியைச் சுற்றி இருந்த நல்ல தோல் முன்னைவிடக் கருத்துவிட்டது, நடுவே வெள்ளை அப்படியே பளிச்சென்று தெரிந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் வரவில்லை.

அவள் அப்பா மூன்று ஏக்கர் சாகுபடிக்காரர். நான் அவரிடம் களைக்கொல்லியைப் பற்றிக் கேட்டேன். ஆக்ஸாடயார்ஜில், ஆக்ஸிஃப்ளோர்ஃபென் என்று சில களைக்கொல்லிகள் உண்டு. நெல்லுக்கும் கடலைக்கும் வெங்காயத்துக்கும் களை முளைக்கும் முன்னால் போடுவது. அவை செய்கிற வேலையும் இதற்குப் பங்காளி வேலைதான். பச்சையம் தயாராகும் வழியில் ஒரு கட்டத்தை அடைத்துவிடும். அடைத்த இடத்தில் புரோட்டோபோர்ஃபிரின் என்ற பொருள் களையின் செல்லுக்குள் வழிந்து தேங்கும். வெயில் பட்டதும் அது அங்கிருக்கும் ஆக்சிஜனை வெறிபிடிக்க வைக்கும், செல்லின் சவ்வு கிழிந்து களை வெந்ததுபோலக் கருகும். சொரலென் டி.என்.ஏ.யைப் பூட்டுகிறது, இது சவ்வைக் கிழிக்கிறது. வெயில் இல்லாமல் இரண்டுக்குமே பெரிய வேலை இல்லை. களைக்கொல்லி டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். நிற முக்கோணம் போட்டிருக்கிறது, எத்தனை அளவு என்று இருக்கிறது, கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று இருக்கிறது, எல்லாம் தமிழிலும் இருக்கிறது. அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் கொண்டுவரச் சொன்னேன். ஒரு பச்சை இலைப் படம். ‘100% இயற்கை’. அவ்வளவுதான். கோரைப்புல்லைக் கொல்வதற்கு இவ்வளவு எச்சரிக்கை, மனிதத் தோலுக்கு ஓர் இலைப் படம்!

இங்கிலீஷ் வைத்தியம் பார்க்கிறவர்கள் சந்தோஷப்பட வேண்டாம். அவர்களில் பலரும் ‘நாட்டு மருந்தா?’ என்று முகத்தைச் சுளிக்கிறார்கள். தாங்கள் எழுதிக்கொடுக்கும் மாத்திரைக்குப் பூர்வீகம் ஒரு நாட்டு மருந்துச் செடி என்பதை மறந்துவிடுகிறார்கள். சுளித்தால்கூடப் பரவாயில்லை. இரண்டே நிமிடத்தில் சீட்டு எழுதி, “சாப்பிட்டுட்டு வெயில்ல நில்லுங்க” என்று அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் அறுப்புக்குப் போகிற ஆள். காலை ஏழு மணிக்குக் களத்தில் இறங்கினால் பொழுது சாய்ந்துதான் கரையேறுவார். அவரிடம் ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்று ஒரு கேள்வி கேட்க வேண்டாமா? மாத்திரை உள்ளே போனால் அது வெண்புள்ளிக்கு மட்டும் போவதில்லை. இரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கும் போகிறது. அங்கேயும் வெயில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பின்னால் கண்புரைக்கு வழி செய்யும். அதனால்தான் மாத்திரை சாப்பிட்ட நாள் முழுவதும் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. இந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடி வழியாகவும் வரும் என்பதால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கணக்கில் சேரும். வாட்ஸ்அப் செய்தியில் அரை ஸ்பூன் பொடியைக் குடிக்கச் சொன்னவர் கண்ணைப் பற்றி ஓர் எழுத்து எழுதவில்லை. கல்லீரலைப் பற்றியும் எழுதவில்லை. கார்போகரிசியை உள்ளுக்குச் சாப்பிட்டுக் கல்லீரல் பழுதானவர்களைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவு இருக்கிறது.

இவ்வளவும் நடப்பது எந்த ஊரில்? இரண்டு நூற்றாண்டுக்கு முன் தன்வந்திரி மகால் வைத்து, கண் நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்து, அவரவர் கண்ணை ஓவியமாக வரையச் செய்து, என்ன மருந்து கொடுத்தோம், என்ன ஆயிற்று என்று எழுதி வைத்த சரபோஜி மன்னர் ஆண்ட ஊரில். அந்தப் பதிவுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. பாரம்பரியம் பாரம்பரியம் என்று மேடைக்கு மேடை பேசுகிறவர்கள் அந்தப் பாரம்பரியத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். எழுதி வைப்பதும் பாரம்பரியந்தான்.

எண்ணெய் விற்றவரைத் திட்டிவிட்டு நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியுமா? அந்தப் பெண்ணுக்கு வலி இல்லை, அரிப்பு இல்லை, நடமாட்டத்துக்குக் குறைவில்லை. வெண்புள்ளி ஒட்டுவதும் இல்லை. உலகத்தில் நூறு பேரில் கிட்டத்தட்ட ஒருவருக்கு இருக்கிறது, மைக்கேல் ஜாக்சனுக்கும் இருந்தது. அவளை மொட்டைமாடியில் நிற்கவைத்தது நோய் இல்லை, நம் வாய். ‘வெண்குஷ்டம்’ என்று இன்னமும் சொல்கிறோம். குஷ்டம் கிருமியால் வருவது. ஹான்ஸன் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தது 1873-ல். அந்த நோயின் தேமல் பட்ட இடத்தில் உணர்ச்சி இருக்காது, வெண்புள்ளியில் உணர்ச்சிக்கு ஒரு குறையும் இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. தமிழ்நாடு அரசே வெண்குஷ்டம் என்ற சொல்லை விட்டுவிட்டு ‘வெண்புள்ளிகள்’ என்று எழுத வேண்டும் என ஆணை போட்டு வருடங்கள் ஆகிவிட்டன. கோப்பில் சொல் மாறிவிட்டது. கல்யாணத் தரகர் வாயில் மாறவில்லை. அவளுடைய சொந்த அத்தை என் காதுபடவே, “இந்த ரோகத்த வச்சுக்கிட்டு யாரு கட்டுவா?” என்றார். எண்ணெய் வியாபாரிக்கு முதலீடே இந்தப் பேச்சுதான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. குமாஸ்தா புத்தி, நானும் தேடிப் பார்த்தேன். 1954-ஆம் வருடத்து மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம், சில நோய்களைப் பட்டியலிட்டு, இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வெண்புள்ளியும் இருக்கிறது. சட்டம் வந்து எழுபது வருடமாகிறது. நம் ஊர்ப் பஸ் நிலையங்களில் சுவரைப் பாருங்கள், அந்தச் சட்டத்துக்கு என்ன மரியாதை என்று தெரியும். வாட்ஸ்அப் வந்தபிறகு சுவர்கூடத் தேவையில்லை, பத்துப் பேருக்கு அனுப்பு என்று நம்மையே சுவராக்கிவிட்டார்கள்.

குழுவில் இதை எல்லாம் சுருக்கமாக எழுதிப் போட்டேன். நண்பர் ஒருவர், “நீங்க என்ன டாக்டரா சார்?” என்று கேட்டார். இல்லை. ஆனால் இணைப்பு இல்லாத மனுவை நான் மேலே அனுப்பியதில்லை. எவ்வளவு சரக்கு, எத்தனை நிமிடம், எத்தனை நாள் இடைவெளி, யாருக்குக் கொடுக்கக்கூடாது என்ற இணைப்பு ஒன்றுகூட இல்லாத காகிதம் இது. இதை எப்படி ஐயா மேலே அனுப்பினீர்கள் என்று திருப்பிக் கேட்டேன். பதில் வரவில்லை.

சித்த மருத்துவம் முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் நம் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். கார்போகரிசிதான் வேண்டும் என்றால் அவர்களிடம் போங்கள், அல்லது தோல் மருத்துவரிடம் போங்கள். இருவரில் யாராக இருந்தாலும் வெயில் கணக்கைக் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் சின்னப் பிள்ளைகளும் இந்தப் பக்கமே போக வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பேரன் பேத்தி வந்திருக்கிறார்கள், கன்னத்தில் வெள்ளையாக ஒரு தேமல் இருக்கிறது என்று நீங்களாகவே அரைத்துப் போட்டுவிடாதீர்கள். கன்னத்து வெள்ளை எல்லாம் வெண்புள்ளியும் இல்லை.

ஏற்கெனவே யாராவது தடவிக்கொண்டு கொப்புளம் வந்துவிட்டால் மஞ்சளோ, பற்பசையோ, மறுபடி அதே எண்ணெயோ வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், வெயில் படாமல் துணியால் மூடிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இன்னும் சிவந்து மட்டும் இருந்தால்கூடப் போங்கள், அடுத்த நாள் கூடத்தான் செய்யும். அந்த எண்ணெய்ப் பாட்டிலையும் மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள். எதைத் தடவினீர்கள் என்று அங்கே முதலில் கேட்பார்கள்.